பேனர் வைங்க, ஆனா வழியை மறிக்காதீங்க

நீங்களும் இதைச் செஞ்சிருப்பீங்க. ப்ராஜெக்ட்ல உருப்படியா ஒரு ஃபங்ஷன் எழுதுறதுக்கு முன்னாடியே, ஃபிக்லெட்ல டீம் பேரைப் பெரிய எழுத்துல வரைஞ்சு, ப்ரோக்ராம் ஓடினதும் டெர்மினல்ல வர்ற மாதிரி வெச்சிருப்பீங்க. நாங்களும் வெச்சோம். மொத்தம் எட்டு வரி.

போன செமஸ்டர்ல எங்க டூலோட வேலை, சென்சார் டேட்டாவை ஜேசனா பிரிண்ட் பண்றது. பக்கத்து டீம் அதை பைப்ல வாங்கி கிராஃப் போடணும். ரிவ்யூ அன்னிக்கு அவங்க பக்கம் முதல் வரியிலேயே பார்ஸ் எரர். எங்க டூலைத் தனியா ஓட்டினா டேட்டா ஒழுங்கா வருது. அதனால, தப்பு அவங்க கோடுலதான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டோம். ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து பார்த்தப்பதான் தெரிஞ்சது: பைப்ல முதல்ல போனது டேட்டா இல்ல, எங்க பேனர். ரெண்டு டீமுக்கும் மார்க் போச்சு.

பேனரே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று தெரிந்தால் பிழை தேடுவது சுலபம். எஃப்எஃப்எம்பெக்கைப் பாருங்கள். வெர்ஷன், பில்ட் ஆப்ஷன்கள், லைப்ரரிகள் என்று நீளமாகக் கொட்டும். ஆனால் அது அத்தனையும் போவது ஸ்டாண்டர்ட் எரருக்கு. வீடியோவை பைப்பில் அனுப்பினாலும் அதில் ஒரு எழுத்துகூடக் கலக்காது. வேண்டாம் என்றால் 'ஹைட் பேனர்' ஆப்ஷன் இருக்கிறது. ஸ்பிரிங் பூட் லோகோவையும் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் ஒரே வரியில் அணைத்துவிடலாம்.

ஆக, என் கருத்து இதுதான். ஸ்டாண்டர்ட் அவுட்புட் டேட்டாவுக்கு மட்டும். பேனர் ஸ்டாண்டர்ட் எரருக்குப் போகட்டும். அதுவும் எதிரில் டெர்மினல் இருந்தால் மட்டும். பைத்தானில் அதைத் தெரிந்துகொள்ள இஸ்ஏடிடிஒய் என்ற மெத்தட் இருக்கிறது. கூடவே பேனரை நிறுத்த ஒரு ஆப்ஷனும் கொடுங்கள்.

"காலேஜ் ப்ராஜெக்ட்தானே, இதை யாரு பைப் பண்ணப் போறா?"ன்னு கேட்பீங்க. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். நம்ம அவுட்புட்டை நாளைக்கு யார் எடுப்பாங்கன்னு நமக்குத் தெரியாது. அதைப் படிக்கிறது மனுஷனா, இன்னொரு ப்ரோக்ராமான்னும் தெரியாது.

இன்னிக்கே உங்க ப்ரோக்ராமோட அவுட்புட்டை ஒரு ஃபைலுக்கு ரீடைரக்ட் பண்ணிப் பாருங்க. ஃபைலோட முதல் வரியில உங்க டீம் பேர் வந்தா, பேனரை பிரிண்ட் பண்ற இடத்தை மாத்துங்க. அஞ்சு நிமிஷ வேலை.

எங்க பேனர் இப்பவும் இருக்கு, ஸ்டாண்டர்ட் எரர்ல. அந்த டீம்கிட்ட சாரி சொல்லியாச்சு. அவங்க மார்க்தான் திரும்பி வரல.