"இன்றைக்கு முடியாது" என்று சொல்லத் தெரிந்த பிள்ளை

சென்ற மாதம் நடந்த தாய்மார் கூட்டத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மிஸ், மகளை வலைப்பந்துப் பயிற்சி முகாமுக்கு ஒரு கிழமை விடச் சொல்லிக் கேட்கினம். விடலாமோ?"

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த நாட்களில் பனிச்சறுக்கல் ஓட்டத்தில் ஈடுபடும் சிறுமிகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். பயிற்சி முகாம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர்களே மனதில் வந்தார்கள்.

பனிச்சறுக்கலுக்கும் கோடைகால முகாம் உண்டு. ஒஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ், சுவிற்சர்லாந்தின் செர்மாட் போன்ற இடங்களில் மலையுச்சியிலுள்ள பனிக்கட்டியாறுகளிலும், அமெரிக்காவின் மவுண்ட் ஹூட் மலையிலும் கோடையிலும் பனி கிடக்கும். பாடசாலை விடுமுறையில் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். இரவில் இறுகிய பனி வெயில் ஏறினால் இளகிவிடும். ஆகவே விடியுமுன் எழுந்து, கனத்த சப்பாத்தும் பலகைகளுமாக மேலே போய், நடப்பட்ட கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்க வேண்டும். மதியத்துக்குள் அது முடிந்துவிடும். பின்னேரம் உடற்பயிற்சி. பிறகு தம்மைப் பிடித்த வீடியோவைப் பார்த்துப் பிழை திருத்துதல், பலகையின் விளிம்பைத் தீட்டுதல். கால்கள் கம்பத்தில் அடிபட்டுக் கன்றும். உயரத்தில் தலையிடிக்கும், நித்திரை வராது. உடலோடு ஒட்டிய மெல்லிய உடை. மலையில் மலசலகூடம் பக்கத்தில் இராது. மாதவிடாய் வந்த பிள்ளை அதை யாரிடம் சொல்வாள்? நமக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான்.

இப்போது வீடும் தூரமாகி வருகிறது. 2022 யூலை இறுதியில், வெப்பம் காரணமாகச் செர்மாட்டில் கோடைச் சறுக்கலையே இடைநிறுத்தினார்கள். பனி தேடி அணிகள் சிலிக்கும் நியூசிலாந்துக்கும் போகின்றன. பயிற்சிதானே என்று இருக்கவும் முடியாது. இத்தாலிய வீராங்கனை மற்றில்டே லொரென்சி 2024 ஒக்டோபரில் வால் செனாலெஸ் பனிக்கட்டியாற்றில் பயிற்சியின்போது விழுந்து உயிரிழந்தார். அவருக்கு வயது 19.

விழுந்த காயம் வெளியே தெரியும். தெரியாத காயமும் உண்டு. ஒஸ்திரியாவின் நிக்கோலா வெர்டெனிக் 1976 இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றவர். 1970களில் பனிச்சறுக்கல் விடுதியிலும் அணியிலும் நடந்த பாலியல் வன்முறையை, தனக்கு நேர்ந்ததையும் சேர்த்து, அவர் பகிரங்கமாகச் சொன்னது 2017 நவம்பரில். அப்போது அவருக்கு 59 வயது. அவருக்குப் பின் வேறு பெண்களும் வாய் திறந்தார்கள். ஏன் இத்தனை வருடம் என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அணியில் இடம் கொடுப்பவரும், அறையின் திறப்பை வைத்திருப்பவரும், வீட்டுக்கு அறிக்கை அனுப்புபவரும் ஒரே ஆளாக இருந்தால், அந்தப் பிள்ளை யாரிடம் போய் முறையிடும்? சமூகவியலில் இதை அதிகார உறவு என்று படித்தேன். களத்தில் இறங்கிய பிறகுதான் அதன் பாரம் விளங்கியது.

இதற்கு மறுபக்கமாக மிக்கேலா ஷிஃப்ரினைப் பார்க்கிறேன். 1995இல் பிறந்த இந்த அமெரிக்கப் பெண், 18 வயதில், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் சிலாலம் தங்கம் வென்றார். தாதியாக வேலைசெய்த தாயே அவருக்குப் பயிற்சியாளராகவும் கூடச் சென்றார். சிறு வயதில் பெற்றார் போட்டிகளைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டினார்கள். சிலாலம் ஓட்டம் ஒன்று ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பயிற்சி நாளிலோ பல தடவை இறங்கித் திருத்தலாம். பிழைவிட அவகாசம் கிடைத்த பிள்ளை அவர்.

2024 நவம்பர் 30இல், நூறாவது உலகக் கிண்ண வெற்றியை நோக்கிய ஓட்டத்தில் அவர் விழுந்தார். வயிற்றில் ஆழமான காயம். 2025 பெப்ரவரியில் உலக சம்பியன் போட்டி வந்தபோது, தான் சம்பியனாக இருந்த ஜயண்ட் சிலாலம் ஓட்டத்தில் இறங்க மனம் இன்னும் தயாரில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி விலகினார். யாரும் அவரைக் கோழை என்று தள்ளிவைக்கவில்லை. அதே மாதம் 23ஆம் திகதி, இத்தாலியின் செஸ்ட்ரியேரில் நூறாவது வெற்றி வந்தது. ஆணோ பெண்ணோ, அதற்கு முன் எவரும் எட்டாத எண் அது.

எல்லாத் தாய்மாரும் பிள்ளையோடு முகாமுக்குப் போக முடியாது. ஆனால் கேள்வி கேட்க முடியும். இரவில் யார் பொறுப்பு? பெண் பயிற்றுநர் ஒருவராவது இருக்கிறாரா? பயிற்றுநரும் பிள்ளையும் தனியாக ஓர் அறையில் இருக்க நேருமா? காயப்பட்டால் வைத்தியரிடம் கொண்டுபோக எவ்வளவு நேரம்? பிள்ளை நினைத்தபோது வீட்டுக்குப் பேசலாமா? இவற்றைக் கேட்கும்போது முகம் சுளிக்கிற முகாமுக்கு அனுப்பாமல் விடுவதே நல்லது. பிள்ளைக்கும் வீட்டிலேயே ஒன்றைப் பழக்க வேண்டும். நோகிறது, பயமாயிருக்கிறது, இது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் ஏச்சு விழாது என்ற நம்பிக்கை அது.

இதையெல்லாம் அந்தத் தாய்க்குச் சொன்னேன். கேட்டுப் பார்த்து, மகளை அனுப்பினார். போன கிழமை மறுபடி சந்தித்தபோது சொன்னார்: "ரெண்டாம் நாள் கணுக்கால் நோகுது எண்டு சொல்லி அரைநாள் இருந்தவளாம் மிஸ். ஏசினவையோ எண்டு கேட்டன். இல்லையாம், ஐஸ் வைச்சு விட்டவையாம்."

அணியில் இடம் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.