யாருக்கு இந்த மாயப் போர்வை?

மனிதன் கண்ணுக்குப் புலப்படாமல் உலவும் நாள் நெருங்கிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இச்செய்தியைக் கண்டு படித்தவர்களும் வாய் பிளக்கின்றனர். பழம்பெருமை பேசுவோரோ, இந்திரசித்து மேகத்துள் மறைந்து நின்று அம்பெய்ததையும் சித்தர்களின் அஞ்சன மையையும் எடுத்துக்காட்டி, ‘இதெல்லாம் நம்மவர் அன்றே கண்டது’ என்று மார்தட்டுகின்றனர். இவ்விரு சாராரையும் பார்த்து நாம் கேட்க வேண்டியது ஒன்றே. போர்வை இருக்கட்டும், அதைப் போர்த்திக்கொள்ளப் போகிறவன் யார்?

முதலில் அப்போர்வை எத்தகையது என்று பார்ப்போம். 2003ஆம் ஆண்டில் ரோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு தாச்சி ஓர் அங்கியைக் காட்டினார். அணிந்திருந்தவரின் உடலை ஊடுருவி, அவருக்குப் பின்னாலிருந்த தெருவும் மனிதரும் தெரிந்தனர். உலகம் வியந்தது. ஆனால் நடந்தது என்ன? பின்னாலிருந்த காட்சியை ஒரு கமரா படம்பிடித்தது. அப்படத்தை ஓர் எறியி முன்னாலிருந்து அங்கியின்மீது வீழ்த்தியது. அங்கியில் பதித்த நுண்ணிய கண்ணாடி மணிகள் வந்த ஒளியை வந்த திசையிலேயே திருப்பியனுப்பின. பார்ப்பவன் ஓர் அரைவெள்ளி பூசிய ஆடியினூடாக, குறித்த ஓரிடத்தில் நின்று பார்க்க வேண்டும். அவன் இரண்டடி விலகினால் மாயம் கலைந்துவிடும். சுருங்கச் சொன்னால், அங்கே வசப்படுத்தப்பட்டது மறைபவனின் உடல் அன்று, பார்ப்பவனின் நிலை. அவன் எங்கே நிற்க வேண்டும் என்பதை வேறொருவன் தீர்மானித்திருக்கின்றான். தாச்சியைக் குறை கூற நான் எழுதவில்லை. சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர் தம் கையை ஊடுருவிப் பார்க்கவும், விமானி தன் காலடித் தளத்தினூடே ஓடுபாதையைப் பார்க்கவும் இது உதவும் என்று சொன்னவர் அவர். அந்த நல்ல பயன்களைப் பத்திரிகைகள் தலைப்பில் இடவில்லை.

இரண்டாவது வழி இன்னும் ஆழமானது. 2006ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜோன் பென்ட்ரியும் அமெரிக்க டியூக் பல்கலைக்கழகத்தின் டேவிட் சிமித் குழுவினரும், நீரோட்டம் கல்லைச் சுற்றி ஓடி மறுபுறம் கூடுவது போல, நுண்ணலைகளை ஒரு செப்பு உருளையைச் சுற்றி வளைந்தோடச் செய்தனர். ஆனால் அவ்வலையின் நீளம் ஏறத்தாழ மூன்றரைச் சென்ரிமீற்றர். நம் கண் காணும் ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அலையினும் சிறிய கட்டமைப்புகளை அடுக்கினால்தான் அதை வளைக்க முடியும். ஆகவே ஒரு முழு மனிதனை, எல்லா நிறங்களுக்கும், எல்லாத் திசைகளிலும் மறைப்பது இன்றுவரை எவருக்கும் கைகூடவில்லை.

நம்மவர் அன்றே கண்டது எது என்று அறிய விரும்புவோர் இந்திரசித்தனைத் தேடிப் போக வேண்டியதில்லை. 1898இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திரபோஸ் சணல் நாரை முறுக்கிக் கட்டாக்கி, அதனூடே மின்காந்த அலைகளைச் செலுத்தி, அவற்றின் முனைவாக்கத் தளம் திரும்புவதைக் காட்டினார். பொருளின் அமைப்பை மனிதன் தன் கையால் மாற்றி அலையின் போக்கை மாற்றலாம் என்னும் எண்ணத்தின் முன்னோடி முயற்சிகளுள் இதுவும் ஒன்று. வங்காளத்து உழவன் விளைவித்த சணல்! புராணத்தைப் பெருமையடிப்போர் வாயில் இந்தச் சணல் வருவதேயில்லை.

எங்கள் கண்டக்குழிக் கடலிலும் ஓர் ஆசான் உண்டு. கணவாயைத்தான் சொல்கிறேன். அதன் தோலில் நிறப்பைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றையும் சுற்றி நுண்தசைகள். மூளை கட்டளையிட்டதும் தசை சுருங்கப் பை விரிகின்றது, தசை தளரப் பை ஒடுங்குகின்றது. கண்ணிமைக்கும் நேரத்தில் மணலாகின்றது, பாராகின்றது, பாசியாகின்றது. இத்தனை நிறம் காட்டும் அப்பிராணிக்கு நிறம் பிரித்தறியும் கண் இல்லை என்பது உயிரியலார் முடிவு. கணவாய் மறைவது வயிற்றுக்கும் உயிருக்கும். அதைப் பார்த்துப் போர்வை நெய்ய முயல்வோர் யாருக்காக நெய்கின்றனர்?

விடை ஒளிவுமறைவின்றிக் கிடக்கின்றது. 2024 நவம்பரில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ‘அனாலக்ஷ்யா’ என்னும் துணி போன்ற மறைப்பொன்றை வெளியிட்டது. அது ராடர் அலைகளை உறிஞ்சிக்கொள்வது. வெளியீட்டு விழாவின் முன்வரிசையில் இருந்தோர் படைத்துறையினர். நெசவாளியும் மீனவனும் அதைக் கேட்கவில்லை. அமெரிக்காவிலும் சீனாவிலும் இதே கதைதான். கலாசாலையின் கரும்பலகையில் பிறக்கும் சூத்திரம் எந்தப் பணப்பையில் வளர்கின்றது என்று பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. மறைவைப் பற்றிய கதைகள் யாரைக் கண்டு அஞ்சுகின்றன? பிளேட்டோ சொன்ன மோதிரக் கதையில் மறையும் ஆற்றல் ஓர் இடையனுக்குக் கிடைக்கின்றது. அவன் அரசனைக் கொன்று அரியணை ஏறுகின்றான். எச். ஜி. வெல்சு 1897இல் எழுதிய நாவலிலோ, மாகாணக் கல்லூரியொன்றில் கற்பித்துக் கொண்டிருந்த பணமில்லாத ஒருவன், நம்மைப் போன்ற ஒரு வாத்தியார், மறைந்து கொள்ளையும் கொலையும் செய்கின்றான். ஏழையின் கைக்கு இது போனால் உலகம் அழியுமாம்! செல்வன் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று கதை எழுத எவருக்கும் தோன்றவில்லை. சோவியத் அறிவியல் எழுத்தாளர் யாக்கோவ் பெரல்மான், வெல்சின் கதாநாயகன் உண்மையில் குருடனாக இருந்திருப்பான் என்று காட்டினார். ஒளி அவன் விழித்திரையில் தங்காமல் கடந்து போனால் அவன் எதனால் பார்ப்பான்? பௌதிகவியல் வகுப்பில் இவ்வொரு வினாவைக் கொடுத்துப் பாருங்கள். முறிவுச்சுட்டி என்றால் என்ன என்பதை மாணவர் அதன்பின் மறக்கமாட்டார்கள்.

இப்போர்வை இல்லாமலே மறைந்து வாழ்வோர் உளர். நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாற் ஆற்றலுடையது. முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. கொழும்பின் விளக்குகளை எல்லோரும் காண்கின்றனர். நிலையத்தை அண்டிய கிராமங்களில் சோழகக் காற்றோடு பறந்து பயிரிலும் முற்றத்திலும் படியும் சாம்பலை யார் காண்கின்றனர்? 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது கடலிற் சிந்திய பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. மணலின் நிறத்தோடு நிறமாய்க் கலந்து கிடந்த அவற்றைக் காட்டிலும் சிறந்த மாயப் போர்வையை எந்த ஆய்வுகூடம் நெய்தது? 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து குடியேறிய முஸ்லிம் மக்கள் பற்பல ஆண்டுகள் ஊருக்கும் சொந்தமற்றவராய், அவ்வூருக்கும் சொந்தமற்றவராய்ப் பதிவேடுகளுக்கிடையே மறைந்து கிடந்தனர்.

இவையெல்லாவற்றிலும் கொடியது வேறொன்று. இந்நாட்டில் மனிதரை மறைக்கும் கலை எந்த ஆடியும் வில்லையும் இன்றியே முற்றுப்பெற்றுவிட்டது. 1989, 90இல் எம்பிலிப்பிட்டியாவில் பாடசாலை மாணவர்கள் பிடித்துச் செல்லப்பட்டு மறைந்தனர், சிங்களப் பிள்ளைகள். அவ்வழக்கில் 1999இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டோருள் இராணுவத்தினரோடு ஒரு பாடசாலை அதிபரும் இருந்தார் என்பதை ஆசிரியராகிய நாம் மறக்கலாகாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தமிழ்த் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. விடை காணாமலே அவர்களுட் பலர் இறந்தும் போயினர்.

தமிழ் கற்பிப்பவன் என்பதால் ஒரு சொல்லிலக்கணத்தைச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் அமைத்த அலுவலகத்தின் பெயர் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’. போனவர் என்றால் தாமே போனவர்; வினைக்கு எழுவாய் அவரே. தாய்மார் இதை ஏற்கவில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே சொல்லுங்கள் என்றனர். பல்கலைக்கழகம் செல்லாத அப்பெண்கள் தன்வினைக்கும் செயப்பாட்டு வினைக்கும் உள்ள வேறுபாட்டை நமக்குக் கற்பித்தனர். ஆயினும் செயப்பாட்டு வாக்கியத்தில் வினைமுதல் ‘ஆல்’ என்னும் உருபை ஏற்று வர வேண்டும். இன்னாரால் ஆக்கப்பட்டார்? மிகப் பெரும்பாலான கோவைகளில் அவ்வுருபுக்கு முன்னுள்ள இடம் வெறுமையாகவே இருக்கின்றது.