படகு கவிழ்ந்த பிறகல்ல, ஏறுவதற்கு முன்பே கேட்போம்!



பள்ளி விடுமுறை என்றால் ஊரிலிருந்து அம்மா வருவார். தங்கச்சி பிள்ளைகளோடு வருவாள். மும்பையில் நம் சம்பளத்துக்குக் காட்டக்கூடிய இடங்களில் ஒன்று கேட்வே. அங்கிருந்து எலிபெண்டா குகைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர லாஞ்சுப் பயணம். டிக்கெட் வாங்குகிறோம், ஏறுகிறோம். வேறொன்றும் கேட்பதில்லை.

2024 டிசம்பர் 18 அன்று அதே வழியில் சென்ற 'நீல்கமல்' படகின் மீது, இன்ஜின் சோதனையில் கட்டுப்பாடு இழந்த கடற்படை விசைப்படகு மோதியது. இரு படகுகளிலுமாக 15 உயிர்கள் போயின. மோதியது நீல்கமலின் குற்றமல்ல, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 84 பயணிகளுக்கு அனுமதி பெற்ற படகில் நூறு பேருக்கு மேல் இருந்தது யார் குற்றம்? தண்ணீர் உள்ளே வந்த பிறகு லைப் ஜாக்கெட்டைத் தேட வேண்டியிருந்தது யார் குற்றம்? விபத்துக்கு மறுநாளே, ஜாக்கெட் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. மறுநாள் வந்த புத்தி முந்தின நாள் எங்கே போயிருந்தது?

இது ஒரு நாள் கதையல்ல. 2009 செப்டம்பர் 30, தேக்கடி: அரசுச் சுற்றுலாக் கழகத்தின் படகு கவிழ்ந்து 45 பேர். 2014 ஜனவரி 26, அந்தமான்: 21 பேர், பலர் காஞ்சிபுரத்திலிருந்து உல்லாசப் பயணம் போனவர்கள். 2023 மே 7, கேரளத்துத் தானூர்: 22 பேர். 2024 ஜனவரி 18, வதோதரா ஹர்ணி ஏரி: 12 பள்ளிப் பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும். ஒவ்வொரு முறையும் நஷ்டஈடு அறிவிப்பு, விசாரணை, கைது. அடுத்த விடுமுறையில் மறுபடியும் நெரிசல்.

தேக்கடியில், மிருகத்தைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் ஓடியதே காரணம் என்றார்கள். விலங்கு காட்டத்தானே படகு விட்டார்கள்? காட்டிய பக்கம் ஜனங்கள் திரும்புவார்கள் என்பது தெரியாதா? அதைத் தாங்காத படகை நீரில் விட்டவனை விட்டுவிட்டுச் செத்தவர் மேல் பழி போடுவது எந்த நியாயம்?

நம் பக்கமும் ஒரு பிழை உண்டு. எங்களில் பலர் ரயில்வேக்காரர்கள். மின்சார ரயிலில் தொங்கிப் பழகிய கூட்டம் நாம். "இன்னும் நாலு பேர் ஏறலாம்" என்பது நம் ரத்தத்தில் ஊறிவிட்டது. அங்கேயும் அது உயிர் வாங்குகிறது. ஆனாலும் ரயில் தண்டவாளத்தில் நிற்கிறது. படகுக்குத் தண்டவாளம் இல்லை. மேல்தட்டில் பாரம் ஏற ஏறச் சாய்ந்த படகு திரும்ப நிமிர்வதில்லை.

ஆகவே சங்கத்தின் சார்பில் சொல்கிறோம். எத்தனை பேருக்கு அனுமதி என்று கேளுங்கள். கூட்டம் மிஞ்சினால் இறங்கி அடுத்த லாஞ்சில் போங்கள். ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். வேர்த்தாலும் மாட்டி நாடாவைக் கட்டுங்கள். பெரியவர் ஜாக்கெட்டைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் அது கழன்று மேலே போய்விடும். பிள்ளை அளவு கேளுங்கள்.

ஆபத்து வந்தால் ஒரே பக்கம் ஓடாதீர்கள். கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தண்ணீர் ஏறுமுன் ஒருவர் பின் ஒருவராகத் திறந்த இடத்துக்கு வரவேண்டும். இல்லையேல் ஜாக்கெட்டே கூரையோடு தூக்கி நிறுத்திவிடும். கவிழ்ந்த படகு மிதந்தால் அதைப் பற்றிக்கொள்ளுங்கள். கரை கிட்டே தெரிகிறது என்று நீந்தாதீர்கள். கடலோரக் காவல்படையின் எண் 1554, பொது அவசர எண் 112, மனப்பாடம் செய்யுங்கள். மூழ்கியவரைக் கரையேற்றியதும் வயிற்றை அமுக்காதீர்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பின் நடுவே அழுத்துங்கள்.

இதெல்லாம் நாம் செய்வது. அதைக் காட்டி ஆட்சியாளர் தப்பிக்க விடமாட்டோம். அனுமதி எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் படகின் மேல் எழுது! ஜெட்டியில் தலை எண்ணி ஏற்று! ஜாக்கெட் மாட்டும் விதத்தைக் கையால் செய்து காட்டு. மராத்தியும் இந்தியும் அறியாத எங்கள் அம்மாவுக்கும் உயிர் ஒன்றுதான்!

டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவனுக்குக் கேட்க உரிமை உண்டு. தனியாகக் கேட்டால் "இஷ்டமில்லையென்றால் இறங்கு" என்பார்கள். அந்த லாஞ்சில் நம் குடும்பங்கள் பத்து இருந்தால், பத்தும் சேர்ந்து இறங்குவோம். காலி லாஞ்சு எந்த முதலாளிக்கும் லாபமில்லை.