அம்மா என்ன கதைக்கிறா?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. எழுபது வயது தாண்டிய அம்மா. லண்டனுக்கு வந்து எத்தனையோ வருசமாகியும் இங்கிலீஷ் 'தாங்க்யூ'வுக்கு மேலே போகவில்லை. ஒருநாள் காலமை தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டி, "அந்தச் செருப்பை எடு தம்பி" என்று சொன்னாவாம். மகன் சிரித்திருக்கிறான். பிறகு கதைத்ததும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சொற்கள் மட்டும் தடையில்லாமல் வந்துகொண்டே இருந்தன.

அம்புலன்ஸ் வந்தது. வாய் கோணவில்லை. இரண்டு கையையும் தூக்கினா.

"இங்கிலீஷ் கதைப்பாவா?"

"இல்லை."

பேச்சைப் பற்றிய விசாரணை அதோடு சரி. ஆஸ்பத்திரியிலும் வயதுபோன ஒரு மனுசி தன்ர பாசையில் சரளமாகக் கதைக்கிறா என்றுதான் நினைத்தார்கள். பின்னேரம் வந்த மகள்தான், "இது தமிழே இல்லை" என்று சத்தம் போட்டவள். ஸ்கானில் மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு.

பாரிசவாதம் என்றால் கைகால் விழவேண்டும் என்றுதான் எங்கட ஆட்கள் நினைக்கிறார்கள். முகம், கை, பேச்சு மூன்றையும் பார் என்று 2009இல் இங்கே தொலைக்காட்சியில், தலையில் நெருப்பு எரிகிற விளம்பரம் போட்டார்கள். நல்ல விளம்பரம்தான். ஆனால் பேச்சு குழறினால்தான் வாதம் என்றில்லை. பெரும்பாலானோருக்கு மொழியின் இடம் இடது மூளை. அதில் காதுக்கு மேலே பின்பக்கமாக அடிபட்டால், கைகால் நன்றாக இருக்க, பேச்சின் பொருள் மட்டும் குலையும். 1874இலேயே கார்ல் வேர்னிக்கே என்ற ஜெர்மன் வைத்தியர் இதை எழுதிவிட்டார். ஆனால் தமிழ் தெரியாத வைத்தியர் தமிழில் இதை எப்படிப் பிடிப்பார்? பக்கத்தில் நிற்கிற நாங்கள்தான் சொல்லவேண்டும். "இங்கிலீஷ் தெரியாது" என்று நிறுத்தாமல், "இரவு பத்து மணிக்கு ஒழுங்காகக் கதைத்தவ, இப்ப தமிழிலேயே பிழையாகக் கதைக்கிறா" என்று.

அந்தப் பத்து மணி முக்கியம். இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து வழமையாக நாலரை மணித்தியாலம்தான். கட்டியை வெளியே இழுத்து எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணித்தியாலம் வரைக்கும் உண்டு, ஆனால் எல்லாருக்கும் இல்லை. பத்து நிமிசத்தில் தானாகச் சரிவந்தாலும் அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அஸ்பிரினைக் கொடுத்துப் படுக்க விடாதீர்கள், இரத்தக்கசிவாகவும் இருக்கலாம்.

மூளைக்கட்டி பெரும்பாலும் ஊர்ந்துதான் வரும். கிழமைக்கணக்கில் கூடிக்கொண்டு போகிற தலையிடி, எழும்பும்போது மோசம், கூடவே சத்தி. ஒரு நாளும் வலிப்பு வராத ஆளுக்கு வலிப்பு. அமைதியான மனுசன் காரணமில்லாமல் எரிந்து விழுவது. நாங்கள் இதையெல்லாம் இரண்டு வேலையின்ர களைப்பு என்று பனடோலோடு முடித்துவிடுவோம். முந்தி அவர் எப்படி இருந்தவர் என்று வைத்தியருக்குத் தெரியாது, மனுசிக்குத் தெரியும். சில நேரம் கட்டியும் திடீரென்று வாதம் மாதிரி வரும். அதைப் பிரித்துப் பார்ப்பது ஸ்கானின் வேலை, எங்களுடையது இல்லை.

பேரப்பிள்ளைகளை நம்பி விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விசயம். அம்மம்மா சரியான தமிழ் கதைக்கிறாவா என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ரெலிபோனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தாலும் கவனம். பாவம் வயதுபோனவ என்று அவரே வசனத்தைத் திருத்தி அழகாகச் சொல்லிவிடுவார். நானும் முந்தி அப்படி எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்... பிழையைப் பிழையாகவே, சொல்லுக்குச் சொல் சொல்லச் சொல்லுங்கள்.