தேதி இருக்கிறது, தாளும் இருக்கிறது

கப்பலின் சுக்கானைத் தானாகத் திருப்புவதற்கான கணக்கு 1922-இலேயே அச்சேறிவிட்டது. எழுதியவர் ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் நிக்கோலஸ் மினோர்ஸ்கி. வெளியிட்டது அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர் சங்கத்தின் இதழ். தானியங்கிக் கப்பல்களின் காப்புரிமை வழக்குகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, நூறாண்டு கடந்த இந்த வரலாற்றை அடியோடு மறைத்துவிட்டுத் தன் வாதத்தைத் தொடங்குகிறது.

பல்கலைக்கழகத் தாள்கள் கடலையே காணாத சிமுலேட்டர் விளையாட்டுகள். யாரும் திறந்து பார்க்காத நூலகத்தில் கிடந்த ஆய்வேடு ‘வெளியீடு’ ஆகாது. தொழிலில் யாரும் பயன்படுத்தாத யோசனையைத் தோண்டியெடுத்து, பணமும் உழைப்பும் போட்ட நிறுவனத்தின் காப்புரிமையைக் கவிழ்ப்பது வழிப்பறி. கட்டுரையாளர் சொல்வது இதுதான். காப்புரிமைச் சட்டம் அறிந்தவர் என்ற அறிமுகத்தோடு எழுதியிருக்கிறார். அதனால்தான் சும்மா விட முடியவில்லை. சட்டம் தெரியாதவர் இப்படி எழுதினால் அறியாமை என்று கடந்து போகலாம். தெரிந்தவர் எழுதினால் அது வாசகரை ஏமாற்றும் வேலை.

மினோர்ஸ்கி செய்தது என்ன? தேர்ந்த மாலுமி சுக்கான் பிடிக்கும் விதத்தைக் கவனித்தார். போக வேண்டிய திசையிலிருந்து கப்பலின் முகப்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து மாலுமி சுக்கானைத் திருப்புவதில்லை. எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதையும் பார்க்கிறார். முகப்பு நேர்க்கோட்டுக்குத் திரும்பும் முன்பே சுக்கானை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து ஆட்டத்தை அடக்குகிறார். காற்றோ நீரோட்டமோ விடாமல் ஒரே பக்கம் தள்ளினால், அதை ஈடுகட்டச் சுக்கானைச் சற்றுச் சாய்த்தே வைத்திருக்கிறார். விலகலின் அளவு, விலகும் வேகம், நேரம் போகப் போகச் சேரும் விலகல் ஆகிய மூன்றையும் மினோர்ஸ்கி சமன்பாடாக்கினார். 1923-இல் ‘நியூ மெக்சிகோ’ என்ற போர்க்கப்பலில் சோதனை நடந்தது. விலகும் வேகத்தைக் கணக்கில் சேர்க்காதபோது கப்பல் இருபுறமும் 2 பாகை ஆடியது. சேர்த்ததும் அந்த ஆட்டம் ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியது. பெரும்பாலான மாலுமிகளுக்குக் கைவராத துல்லியம் அது. ஆனாலும் ஊழியர்களின் எதிர்ப்பால் கடற்படை அந்தக் கருவியை ஏற்கவில்லை.

கட்டுரையாளரின் அளவுகோலை இதற்கு வைத்துப் பாருங்கள். கடற்படை ஏற்கவில்லை, ஆகவே மினோர்ஸ்கியின் தாள் செல்லாக்காசு! அப்படியானால் இன்று ஒரு நிறுவனம் அதே மூன்று உறுப்புகளைப் புதிய சொற்களில் எழுதித் தன் சொத்தாக்கிக்கொள்ளலாம். அமெரிக்கச் சட்டமோ ஐரோப்பியச் சட்டமோ இந்தியச் சட்டமோ இதை அனுமதிப்பதில்லை. விண்ணப்பத் தேதிக்கு முன்பே வெளியானதா, தேடுபவர் கைக்கு எட்டும்படி இருந்ததா, உரிமைகோரலில் உள்ள ஒவ்வொரு கூறையும் துறை அறிந்தவர் செய்து பார்க்கும் அளவுக்கு விளக்குகிறதா என்றுதான் சட்டம் கேட்கிறது. கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டதற்குச் சில நாடுகள் தரும் ஓராண்டுச் சலுகை தனி விஷயம். யாராவது வாங்கினார்களா, லாபம் பார்த்தார்களா என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. ஒரு தாளில் இருக்கும் முறையை அதன் ஆசிரியர் கப்பலில் பொருத்தி ஓட்டிக் காட்டியிருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்பதில்லை.

கேட்டாலும் பதில் இருக்கிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கார்ல் யோஹான் ஆஸ்ட்ரோமும் கிளாஸ் ஷெல்ஸ்ட்ரோமும் 1970-களில், கப்பலின் சுமையும் வேகமும் கடலின் நிலையும் மாற மாறத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் தானியங்கிச் சுக்கானை உருவாக்கினார்கள். அதைச் சோதித்தது இரண்டரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கொள்ளளவுள்ள எண்ணெய்க் கப்பல்களில். முடிவுகள் 1979-இல் ‘ஆட்டோமேட்டிகா’ இதழில் வந்தன. மால்மோ நகரின் கோக்கும்ஸ் கப்பல் கட்டும் தளம் இந்த முயற்சியில் கூட இருந்தது. இதையா சிமுலேட்டர் விளையாட்டு என்கிறார்? அன்று கடலில் ஓடிய மிகப் பெரிய வகைக் கப்பல்கள் அவை.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வைக் கட்டுரையாளர் கையாளும் விதம் இன்னும் மோசம். 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளைக் கணினியே படித்து, எதிரே வரும் கலத்துக்கு எப்போது வழிவிடுவது, எப்போது தன் போக்கிலேயே செல்வது என்று முடிவெடுக்கும் முறையை மைக்கேல் பெஞ்சமினும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்டார்கள். சோதனைக்கு ஆளில்லாக் கயாக் படகுகளைப் பயன்படுத்தினார்கள். இதைத்தான் பிடித்துக்கொள்கிறார் நம் கட்டுரையாளர்: கயாக் எங்கே, 300 மீட்டர் கன்டெய்னர் கப்பல் எங்கே என்று கேட்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காப்புரிமையில் அளக்க வேண்டியது உரிமைகோரலில் எழுதியிருப்பதைத்தான். அங்கே ‘ஒரு நீர்க்கலம்’ என்று அகலமாக எழுதியிருந்தால் கயாக்கும் நீர்க்கலம்தான். பெரிய கப்பல் நின்று திரும்ப ஆகும் தூரத்தையும் நேரத்தையும் கணக்கில் எடுத்து ஒரு புதிய வழியைக் குறிப்பாகக் கோரியிருந்தால், கயாக் தாள் மட்டும் அதை வீழ்த்தாது, அது நியாயமும்கூட. மீறல் வழக்குத் தொடுக்கும்போது எல்லாப் படகையும் பிடிக்கும் அளவுக்கு அகலமாகக் கோருவது, பழைய தாளைக் காட்டினால் மட்டும் ‘எங்களுடையது ராட்சதக் கப்பலுக்கானது’ என்று சுருங்கிக்கொள்வது என்ற இரட்டை வேடத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1889-இலேயே அடைத்துவிட்டது. பின்னால் வந்தால் எது மீறலோ, அது முன்னால் வந்திருந்தால் காப்புரிமையை வீழ்த்தும் என்று பீட்டர்ஸ் வழக்கில் தீர்ப்பு சொன்னது.

நூலக விவகாரத்துக்கு வருகிறேன். கட்டுரையின் மிகப் பெரிய குற்றம் இங்கேதான்.

யாரும் திறக்காத ஆய்வேடு வெளியீடு ஆகாது என்பதற்குக் கட்டுரையாளர் 2018-இன் ‘ஆக்சலரேஷன் பே’ தீர்ப்பை ஆதாரம் காட்டுகிறார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத் துறைத் தளத்தில் ஏற்றப்பட்ட தொழில்நுட்ப அறிக்கை ஒன்றை, பொதுமக்களுக்கு எட்டியதாக ஏற்க முடியாது என்றது, அமெரிக்காவில் காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம். உண்மைதான். ஆனால் காரணம் என்ன? அந்தத் தளத்தில் ஆசிரியர் பெயர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும்தான் பட்டியலைப் பார்க்க முடிந்தது. பொருள் வாரியாகத் தேடும் வசதி ஒழுங்காக வேலை செய்ததாக நிரூபணமாகவில்லை. பல்கலைக்கழக அறிக்கை என்பதற்காக யாரும் அதைத் தள்ளவில்லை.

இதே நீதிமன்றம் 1986-இல் தந்த ‘ஹால்’ தீர்ப்பைக் கட்டுரையாளர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. காப்புரிமை படிக்கிற மாணவர் எல்லாருக்கும் தெரிந்த தீர்ப்பு அது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த, நொதி பற்றிய ஒரே ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு, அமெரிக்கக் காப்புரிமை விண்ணப்பம் ஒன்றை வீழ்த்தியது. அதை எந்தத் தேதியில் அலமாரியில் வைத்தார்கள் என்று குறிப்பாகச் சொல்ல முடியவில்லை. நூலக அதிகாரி பிரமாணப் பத்திரம் தந்தார்: ஆய்வேடு 1977 நவம்பரில் வந்து சேர்ந்தது, எங்கள் வழக்கமான நடைமுறைப்படி பட்டியலில் ஏறி, டிசம்பர் தொடக்கத்தில் வாசகருக்குக் கிடைத்திருக்கும். அது வெளியாகியிருக்க வேண்டிய கடைசித் தேதி சட்டப்படி 1978 பிப்ரவரி இறுதி. நூலகத்தின் அன்றாட நடைமுறையே போதுமான சான்று என்று நீதிமன்றம் ஏற்றது. யாராவது எடுத்துப் படித்தார்களா என்று காட்டச் சொல்லவில்லை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் நிலைப்பாடும் இதுவே: ஒருவர் பார்த்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி, பார்த்தாரா என்பதல்ல.

எதிர்த்திசையில் 1989-இன் ‘க்ரோனின்’ தீர்ப்பும் இருக்கிறது. அமெரிக்காவின் ரீட் கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு ஆசிரியர் பெயர் வரிசையில் மட்டும் அட்டைகள் எழுதி வைத்திருந்தார்கள். வேதியியல் துறை நூலகத்தில் அந்த அட்டைகள் கிடந்தது ஒரு செருப்புப் பெட்டிக்குள். மாணவரின் பெயர் முன்பே தெரிந்தால் தவிர, பொருளைத் தேடி வருபவரால் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. அவை வெளியீடு ஆகாது என்றார்கள். இதை நான் மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஃப்ரைபுர்க் பட்டியலுக்கும் செருப்புப் பெட்டிக்கும் உள்ள தூரத்தில்தான் இந்தச் சட்டத்தின் முழு நுட்பமும் இருக்கிறது. கட்டுரையாளர் ஒரு முனையை மட்டும் காட்டி, அதுவே சட்டம் என்று எழுதியிருக்கிறார்.

இந்தத் தீர்ப்புகளிலிருந்து வேலை செய்பவருக்குக் கிடைப்பது தெளிவான வழிமுறை. யோப் வான் ஆமரோங்கன் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1982-இல் அளித்த, கப்பல்களைத் தகவமைந்து செலுத்தும் முறை பற்றிய ஆய்வேட்டை எடுத்துக்கொள்வோம். அட்டையில் அச்சிட்ட ஆண்டை மட்டும் காட்டினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்துவிடுவார். நூலகத்தின் வரவு முத்திரை வேண்டும், பட்டியல் பதிவு வேண்டும், அன்று அந்தப் பட்டியலில் பொருள் வாரியாகத் தேட முடிந்தது என்று நூலகத்தார் சொல்ல வேண்டும். இவற்றில் ஏதாவது தடுக்கினால், அதே ஆய்வு 1984-இல் ‘ஆட்டோமேட்டிகா’ இதழில் கட்டுரையாக வந்திருக்கிறது. சந்தா கட்டிய நூலகங்களின் வரவுப் பதிவே அதற்குத் தேதி சொல்லும். பிறகு உரிமைகோரலைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே தாளின் பக்கத்தையும் சமன்பாட்டையும் எழுத வேண்டும். கூறு ஒன்று விடுபட்டாலும் அந்தத் தாள் தனியாக வீழ்த்தாது. இன்னொரு தாளைச் சேர்த்து, துறை அறிந்தவர் அவ்விரண்டையும் ஏன் இணைத்திருப்பார் என்று காரணம் சொல்ல வேண்டும். கடினமான வேலைதான். கடினம் என்பதாலேயே அது நியாயமற்றது ஆகிவிடாது.

நிரூபணச் சுமையைப் பற்றியும் கட்டுரை பாதியைத்தான் சொல்கிறது. அமெரிக்க நீதிமன்றத்தில் காப்புரிமையைச் செல்லாதாக்கத் தெளிவான, நம்பவைக்கும் சான்று வேண்டும் என்று 2011-இல் மைக்ரோசாஃப்ட் – ஐ4ஐ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பரிசோதகர் பார்த்திராத புதிய சான்றுக்குக் கூடுதல் எடை இருக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது, அதை விட்டுவிட்டார். 2012 முதல் காப்புரிமை அலுவலகத்திலேயே நடக்கும் மறுஆய்வில் ‘இருதரப்பில் எது அதிக நம்பத்தக்கது’ என்ற எளிய அளவுகோல் போதும். அதையும் விட்டுவிட்டார். அந்த மறுஆய்வில் பழைய காப்புரிமைகளையும் அச்சு வெளியீடுகளையும் மட்டுமே முன்வைக்க முடியும். ஆக, தாளில் எழுதி வெளியிட்ட ஆராய்ச்சிக்குத்தான் அங்கே மதிப்பு. கடலில் ஓடிய, ஆனால் யாரும் எழுதிவைக்காத சோதனைக்கு அங்கே இடமில்லை. கட்டுரையாளர் சொல்வதற்கு நேர் எதிர்.

தன் வாதத்துக்கு மகுடமாக அவர் வைப்பது 1914-இல் ஜெர்மனியில் நடந்த அன்ஷூட்ஸ் – ஸ்பெரி வழக்கு. கப்பலுக்கு வடதிசை காட்டும் ஜைரோ காம்பஸ் யாருடையது என்று இரு தயாரிப்பாளர்களுக்குள் நடந்த சண்டை. 1885-இலேயே வான் டென் போஸ் பெற்ற காப்புரிமை இருப்பதால் அன்ஷூட்ஸின் உரிமை செல்லாது என்று ஸ்பெரி தரப்பு வாதிட்டது, தோற்றது. ‘பழைய தாள் தோற்றது பார்த்தீர்களா’ என்கிறார். பழையது என்பதற்காகவா அது தோற்றது? நீதிமன்றத்துக்கு நிபுணராக வந்தவர், பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் ஏழாண்டு விண்ணப்பங்களைப் பரிசோதித்த ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். முதலில் ஸ்பெரி பக்கம் சாய்ந்தவர், பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார்; ஆட்டத்தைத் தணிக்கும் குறிப்பிட்ட முறையில் ஸ்பெரியின் கருவி அன்ஷூட்ஸின் காப்புரிமையை மீறுகிறது என்று கண்டார். 1915-இல் அன்ஷூட்ஸ் வென்றார். பழைய ஆவணத்தை முன்வைத்து வாதிட்டார்கள், தொழில்நுட்பத்தை நுணுகிப் பார்த்தார்கள், அது போதவில்லை. நான் கேட்பதும் அந்தப் பார்வையைத்தான். கட்டுரையாளரோ, படித்தே பார்க்காமல் பழையதைத் தள்ளச் சொல்கிறார்.

இந்திய வாசகருக்கு ஒன்று. நம் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, காப்புரிமை வழங்கப்படும் முன் எவர் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு தரலாம். இந்தியாவிலோ வெளிநாட்டிலோ முன்பே வெளியான ஆவணத்தைக் காட்டலாம். ‘நம் நாட்டில் இதெல்லாம் எடுபடாது’ என்ற கட்டுரையின் கடைசிப் பகுதிக்குச் சட்டப் புத்தகத்தின் இந்தப் பிரிவே பதில்.

வழிப்பறி என்ற சொல்லுக்கு வருவோம். 2018 டிசம்பரில் பின்லாந்தில் ‘ஃபால்கோ’ படகு தானாகவே துறைக்கு வந்து நின்றது. 2022-இல் ஜப்பானில் ‘சுசாகு’ என்ற கன்டெய்னர் கப்பல் டோக்கியோ விரிகுடாவிலிருந்து ஈசே விரிகுடா வரை தானியங்கி முறையில் சென்று திரும்பியது. இந்தத் துறை இன்று வணிகமாகிறது, ஆகவே வேலிகள் முளைக்கின்றன. புதிதாகக் கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமை தரட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காப்புரிமை வழங்கி ஐந்து ஆண்டு ஆன பிறகு ஆய்வேடுகளைச் சான்றாக ஏற்கக் கூடாது என்று கட்டுரையாளர் யோசனை சொல்கிறாரே, அது யாரைக் காக்கும்? மக்கள் வரிப்பணத்தில் லுண்டிலும் டெல்ஃப்டிலும் உழைத்தவர்கள் தங்கள் கணக்கை ஒளிக்காமல் அச்சில் கொடுத்தார்கள். விண்ணப்பதாரர் அறிந்த பழைய தாள்களைத் தாமே சொல்ல வேண்டும் என்பது அமெரிக்க அலுவலகத்தின் விதி. சொல்லாமல் விட்டு ஐந்து ஆண்டு கடத்திவிட்டால் தப்பிக்கலாம் என்ற வழியை இந்த யோசனை திறந்துவிடுகிறது. அது சட்டமானால், மறைத்தவர் காப்புரிமையோடு இருப்பார். அவர் மறைத்த தாளை எழுதியவர் தம் சொந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்த அவருக்கே உரிமத் தொகை கட்டுவார்.