பூட்டிய திரை, பூட்டாத ஒலி

மைசூரின் ஹெப்பாள் பகுதிக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இளம் பொறியாளர்கள் வந்து போகிறார்கள். இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பிரம்மாண்டமான பயிற்சி வளாகம் அங்கேதான் இருக்கிறது. அதன் இரண்டாவது பயிற்சி மையத்தை 2009-இல் சோனியா காந்தி திறந்துவைத்தார். மென்பொருள் துறைக்கு வருகிறவர்கள் எந்த ஊரில் சேர்ந்தாலும் ஆரம்பத்திலேயே கற்கும் பாடம் ஒன்று உண்டு: நாற்காலியை விட்டு எழுந்தால் கம்ப்யூட்டர் திரையைப் பூட்டு.

அந்தப் பூட்டு கண்ணுக்கு மட்டும்தான். லினக்ஸில் திரை இருண்ட பிறகும் பாட்டு ஓடும். வீடியோ மீட்டிங்கில் மேலதிகாரி பேசிக்கொண்டே இருப்பார். சம்பளப் பேச்சோ வாடிக்கையாளரின் ரகசியமோ, பாஸ்வேர்டு தெரியாமலே பக்கத்து மேஜைக்காரர் கேட்டுக்கொள்ளலாம்.

இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. திரையைப் பூட்டுவது ஒரு புரோகிராம்; ஒலியைக் கவனிப்பது வேறு புரோகிராம். அது முன்பு பல்ஸ்ஆடியோ; 2021-இல் வெளியான ஃபெடோரா 34 முதல் பல லினக்ஸ் வகைகளில் பைப்வயர். பூட்டிய பிறகும் பாட்டுக் கேட்க விரும்புகிறவர்களுக்காக, க்னோம் தன் பூட்டுத் திரையிலேயே அதற்கான பட்டன்களை வைத்திருக்கிறது.

வேண்டாதவர்களுக்கும் வழி இருக்கிறது. திரை பூட்டப்பட்டதும் டி-பஸ் என்ற உள் தபால் வழியே ஒரு செய்தி போகும். அதற்காகக் காத்திருந்து, வந்ததும் ஒலியை மியூட் செய்யும் கட்டளையை ஏவ, சில வரி ஸ்கிரிப்ட் போதும். யோசனை புதிதல்ல. ஜேமி ஜவின்ஸ்கி 1992-இல் முதலில் வெளியிட்ட எக்ஸ்ஸ்கிரீன்சேவரின் கையேட்டிலேயே இதற்கு மாதிரி நிரல் உண்டு.

ஆனால் சில இடங்களில் கவனம் தேவை. காதில் ப்ளூடூத் ஹெட்ஃபோனுடன் கேன்டீனுக்கு நடந்தால், தொடர்பு அறுந்து ஒலி மேஜையில் இருக்கும் ஸ்பீக்கருக்குத் தாவலாம். எனவே எல்லா ஒலிக் கருவிகளையும் மியூட் செய்ய வேண்டும். பூட்டுவதற்கு முன் எது மியூட்டில் இருந்தது என்பதையும் ஸ்கிரிப்ட் குறித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையைத் திறந்ததும் அமைதியான அறையில் கம்ப்யூட்டர் அலறும்.

பலரும் மறப்பது மைக்கை. ஸ்பீக்கர் அடங்கினாலும் மைக் அடங்காது. காலி நாற்காலியைச் சுற்றி நடக்கும் பேச்சு முழுவதும் மீட்டிங்கின் மறுமுனைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதற்குத் தனிக் கட்டளை உண்டு. அதையும் அந்த ஸ்கிரிப்டில் சேர்த்துவிட்டால், நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.