பயணத்திலும் சற்று இளைப்பாறுங்கள்

பாடசாலை விடுமுறை நெருங்கினால் பல வீடுகளில் யாழ்ப்பாணப் பயணப் பேச்சு எழும். 1990 அக்டோபரில் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அது வெறும் சுற்றுலா அல்ல. பிறந்த மண்ணைக் காணும் பயணம்.

ஆனால் நாம் போடும் திட்டத்தைப் பாருங்கள், சகோதரிகளே! காலையில் கோட்டை, நூலகம். பிறகு குறிகட்டுவான் படகுத்துறை. மாலையில் காரைநகர் கசூரினா கடற்கரை. இரவே திரும்ப வேண்டும். வானுக்குள் பிள்ளை வாந்தி எடுக்கிறது. உம்மாவின் முழங்கால் வீங்குகிறது. சாப்பாட்டுப் பொதி பிரித்தே மருமகளின் நாள் முடிகிறது.

ஆப்பிரிக்காவில் வனவிலங்கு பார்க்கப் போவதை 'சஃபாரி' என்கிறார்கள். நாம் அறிந்த 'ஸஃபர்' என்ற அரபுச் சொல்லே சுவாஹிலி வழியாக அப்படி ஆனது. அங்கே காலையிலும் மாலையிலும்தான் பெரும்பாலும் வனத்துக்குள் செல்வார்கள். உச்சி வெயிலில் சிங்கமே மரநிழலில் படுத்துவிடும், மனிதர்களும் ஓய்வெடுப்பார்கள். செரெங்கெட்டியில் அலைந்தவர்கள் கடைசியில் சன்சிபார் கடற்கரையில் சில நாள் தங்கி வருவதும் உண்டு.

நாமும் அப்படிச் செய்யலாம். யாழ் நகரிலிருந்து கோப்பாய், நீர்வேலி வழியாகச் சுமார் 15 கிலோமீற்றரில் புத்தூர். அதையடுத்த நவக்கிரியில் நிலாவரைக் கிணறு. வழியெல்லாம் செம்மண் தோட்டங்கள். வெங்காயம், வாழை, புகையிலை. பலர் ஐந்து நிமிடம் கிணற்றை எட்டிப்பார்த்துப் படம் பிடித்து ஓடிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதன் மேல்நீர் நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழைநீர், கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவோடு இறைத்தால் நன்னீர். அவசரப்பட்டு அதிகமாக இறைத்தால் உப்பு மேலேறிவிடும். குடாநாட்டின் கிணறுகளுக்கெல்லாம் உள்ள ஆபத்து இது. கிணறு மிக ஆழமானது. சிறுவர்களின் கையை விடாதீர்கள்.

திட்டம் போடுமுன் மூன்றைக் கவனியுங்கள். ஒரு நாளைக்குத் தூர இடம் ஒன்று போதும். லுஹர் தொழுது, சாப்பிட்டபின் எல்லோரும் கொஞ்சம் 'கைலூலா' தூங்கட்டும். அன்றைய சாப்பாட்டைக் கடையில் வாங்கிவிடுங்கள். வீட்டுப் பெண்ணுக்கும் அது பயணமாக இருக்கட்டும்.

முக்கியமாக, மூத்தவர்களிடம் எங்கே உட்கார ஆசை என்று கேளுங்கள். சோனகர் தெருவில் தன் பழைய வீட்டு வாசலில் அரைமணி நேரம் இருக்க வேண்டும் என்பார் உம்மும்மா. அதற்காக இரண்டு இடங்கள் விடுபட்டால் விடுபடட்டும். அந்த இடங்களை அடுத்த முறை பார்க்கலாம். உம்மும்மாவை அங்கே அழைத்துச் செல்ல அடுத்த முறை கிடைக்குமா?